ஒரு முழக் கயிறு

ஆண்டு மலருக்குத் தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒன்று எழுதித் தருதல் வேண்டுமென்று எம் ஆசிரியர் பணித்தபோது, கொற்கை முத்தைப்பற்றி எழுதலாமென்றே யான் முதலில் எண்ணினேன். தூத்துக்குடியிற் பிறந்தவன் தமிழ் பயில வந்தால் கொற்கை முத்தைப்பற்றி எழுதியே தீரவேண்டும் என்பது எழுதாச் சட்டம் போலும். சென்ற ஆண்டுகளின் மலர்களைப் புரட்டினேன்; அவற்றில் அம்முத்து ஏற்கெனவே பலமுறை குளித்தெடுக்கப்பட்டிருந்தது. ஆதலின் முத்தை விடுத்து, முத்துக் குளித்தோர் இடையிற் கட்டியிருந்த கயிற்றைப்பற்றியும், அக்கயிற்றில் ஒரு முழம் என் பள்ளி நாட்களில் வேறொரு காரியத்திற்குப் பயன்பட்ட வகையைப்பற்றியும் எழுதத் துணிந்தேன். இதில் என் குற்றமும் ஒன்று அடங்கியுளது. அதனை முதற்கண் கூறிவிடுதலே முறை.

யான் எட்டாம் வகுப்பிற் பயின்றபொழுது எம் வகுப்பில் பிறவியிலேயே பார்வையற்ற மாணவன் ஒருவன் இருந்தான். அவன் பெயரை ஈண்டு எழுதேன். எழுதினால் என்னோடு சண்டைக்கு வருவான். அவன் தாயார் உப்பளத்தில் வேலை செய்தவர். பார்வையற்றவன் என்ற மாத்திரத்தில் இனிமையாகப் பாடுவான் என்று அன்பர்கள் எண்ணிவிட வேண்டா. அவன் பாட்டைக் கேட்டவர் மறுமுறை கேட்க விரும்பார். கணக்கிலும் வாயாடுதலிலும் வல்லவன். எங்கள் நடையோசையைக் கொண்டே இன்னார் வருகின்றார் என்று சொல்லிவிடுவான். ஆயினும், விளையாட்டுப் பாடவேளைக்கு மணி அடித்தால் நாங்கள் அனைவரும் மைதானத்திற்கு ஓட, அவன் மட்டும் பூவரச மரத்தடியில் அமர்த்தப்படுவான்.

வெறுமனே அமர்ந்திருப்பானேன் என்று கருதி, ஒருநாள் எங்கள் செருப்புகளையும் கைக்கடிகாரங்களையும் அவனருகே குவித்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னோம். அன்றுமுதல் அவனுக்குச் 'செருப்புக் காவல்' என்னும் பட்டம் நிலைத்துவிட்டது. இந்த ஏற்பாட்டை முதன்முதற் செய்தவன் யானே. அவனுக்கும் ஒரு வேலை கொடுத்தோம் என்ற மன நிறைவும் எனக்கு அப்போது இருந்தது. இன்றும் அதனை நினைக்குந்தோறும் நாணுகின்றேன்.

அவ்வாண்டு விளையாட்டு விழாவில் நானூறு மீட்டர் ஓட்டத்தில் யான் மூன்றாவதாக வந்தேன். பரிசளிப்பின் இறுதியில் என் நண்பனையும் மேடைக்கு அழைத்து, சிறப்புப் பரிசென்று ஓர் எவர்சில்வர் டப்பாவைக் கொடுத்தனர். கூட்டம் ஆரவாரித்தது. என் மூன்றாம் பரிசுக்குக் கிடைத்த கைதட்டலினும் அது பன்மடங்கு பெரிது. மாலையில் யான் என் செருப்பைப் பெறச் சென்றபோது அவன் அந்த டப்பாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான்.

“எதுக்குலே எல்லாரும் கைதட்டினாங்க? நான் என்ன செய்தேன்?” என்று கேட்டான்.

யான் விடை தேடுவதற்குள் மற்றொன்றும் கேட்டான்: “நீ வேகமாக ஓடும்போது காத்து காதுலே எப்படிக் கேக்கும்?”

அவன் தன் வாழ்நாளில் ஒருமுறையேனும் முழு வேகத்தோடு ஓடியதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதின்மூன்று வயதுச் சிறுவன்! கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு! விழுந்துவிடுவான் என்று தாயாரும், விழுந்துவிடுவான் என்று ஆசிரியரும், விழுந்துவிடுவான் என்று நாங்களும் அவனைப் பிடித்துப் பிடித்தே நடத்திவந்தோம்.

நிற்க. என் பாட்டனாரைப்பற்றி இனிக் கூறவேண்டும். அவர் திரேஸ்புரத்திற் சங்கு குளித்து வாழ்ந்தவர். தூத்துக்குடியில் இறுதியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961ஆம் ஆண்டில். அப்போது பதினாறு வயதினராக அவர் வள்ளத்தில் எடுபிடி வேலைக்குச் சென்றிருந்தார். பின்னர் முத்துப் பார்கள் வளம் குன்றிவிடவே சங்கே அவர்தம் வாழ்வாயிற்று. கடலில் ஒவ்வொரு பத்து மீட்டர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் உடம்பின்மேற் கூடுகின்றது. அவ்வழுத்தத்தை முதலில் உணர்வது செவிப்பறையே. நாள்தோறும் பலமுறை மூழ்கி எழுந்தவருடைய செவி எத்துணை நாள் தாங்கும்? நாற்பது வயது நிரம்புமுன் என் பாட்டனாருக்கு இரு காதும் மந்தமாகி, யான் அறிந்த நாள்முதல் முற்றுமே கேளாதாயின. ஆயினும் எங்கள் தெருவில் எவரும் அவரைக் குறையுடையவர் என்று ஒதுக்கியதை யான் கண்டதில்லை. அவரை ஒத்த முதியோர் அங்குப் பலர். காது கேளாமை அங்கே தொழிலின் தழும்பு.

பெருந்தொற்றினால் 2020ஆம் ஆண்டிற் பள்ளிகள் அடைபட்டிருந்தபோது, கட்டுப்பாடுகள் சிறிது தளர்ந்த பின்னர், என் நண்பனை ஒருநாள் பாட்டனாரிடம் அழைத்துச் சென்றேன். ஒருவருக்குக் கண்ணில்லை, மற்றவருக்குக் காதில்லை. இடையில் யான் துபாஷி. பாட்டனார் பேசுவதை அவன் கேட்பான். அவன் கேட்கும் வினாவை யான் பாட்டனாருக்குச் சைகையாற் காட்டவேண்டும். முத்துக் குளித்தலைப்பற்றி அவன் வினவினான். பாட்டனார் தம் வழக்கப்படி நீட்டிச் சொல்லத் தொடங்கினார். குளியாள் கயிற்றிற் கட்டிய கல்லின்மேற் காலூன்றி ஏழெட்டுப் பாகம் ஆழத்திற்கு இறங்குவான். இறங்கியதும் கல்லை மேலே இழுத்துக்கொள்வார்கள். அவன் மூச்சடக்கிச் சிப்பிகளை வாரிப் பையில் இட்டுக்கொண்டு கயிற்றைச் சுண்டுவான். வள்ளத்தில் நிற்பவர் அக்கணமே இழுத்தல் வேண்டும். கயிறு பிடிப்பவர் குளியாளுக்கு மைத்துனராக இருத்தல் நலமென்று எங்களூரிற் சொல்வதுண்டு. தம் தமக்கையின் தாலி அக்கயிற்றில் தொங்குவதால் அவர் கண்ணயர மாட்டாராம்!

இவற்றை எல்லாம் சொல்லிக்கொண்டே வந்த பாட்டனார் திடீரென எழுந்து, பரணிற் கிடந்த பழங்கயிற்றை எடுத்து ஒரு முனையை அவன் கையில் வைத்தார். மறுமுனையைத் தாம் பிடித்துக்கொண்டார். “ஏலே, கடலுக்கு அடியிலே எவனுக்குலே காது கேக்கும்? கலங்கல் தண்ணியிலே எவனுக்குக் கண்ணு தெரியும்? கயிறுதான் பேசும்” என்றார். ஒரு சுண்டு, இரு சுண்டு, நெடிய இழுப்பு, தளர விடுதல் என்று ஒவ்வொன்றாக அவனுக்குக் கற்பித்தார். அரைமணி நேரம் அவ்விருவரும் துபாஷியாகிய என்னை மறந்து அக்கயிற்றினாலேயே உரையாடி நகைத்துக்கொண்டிருந்தனர். செருப்புக் காவலைப்பற்றியும் காற்றைப்பற்றிய வினாவைப்பற்றியும் அன்றிரவு பாட்டனாருக்குத் தாளில் எழுதிக் காட்டினேன். அவர் படித்துவிட்டு ஒன்றும் கூறவில்லை. மறுநாட் காலையில் அப்பழங்கயிற்றிலிருந்து ஒரு முழம் அறுத்து, இரு முனையிலும் முடிச்சிட்டு என்னிடம் தந்தார்.

வற்றுக் காலத்தில் அலை விலகிய ஈரமணல் கெட்டியாக இருக்கும். அங்கேதான் எங்கள் பயிற்சி தொடங்கிற்று. முதல் நாளில் அவன் மும்முறை விழுந்தான். மூன்றும் என் பிழையால் நேர்ந்தவை. யான் முன்னே ஓடி அவனை இழுத்தேன். “என்னை இழுக்காதேலே, நான் என்ன மாடா?” என்று மணலைத் துப்பிக்கொண்டே வைதான். பக்கத்தில் ஓடவேண்டும், முன்னே ஓடலாகாது; என் இடக்கை அவன் வலக்கையோடு சேர்ந்தே வீசவேண்டும்; வளையும் இடத்திற்கு முன்பே சொல்லவேண்டும், வளைந்தபின் சொல்லிப் பயனில்லை. இவற்றைக் கற்க எனக்கு ஒரு திங்கள் பிடித்தது. அவனுக்கோ ஒரு வாரம் போதுமானதாயிற்று. அதன்பின் ஒருநாள் விடியலில், கடற்பறவைகளையும் வலை உலர்த்துவோரையும் தவிர எவருமில்லாத நீண்ட மணலில், அவன் தன் உடம்பிலுள்ள வேகம் அனைத்தையும் காலில் இறக்கி ஓடினான். யான் மூச்சுத் திணறி நின்றபின்னரும் அவன் நிற்க மனமின்றி இருந்த இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தான். காற்றைப்பற்றி அவன் அன்று ஒன்றும் சொல்லவில்லை, யானும் கேட்கவில்லை.

இவ்வாறு ஓடுவது எங்கள் கண்டுபிடிப்பே என்று செருக்குற்றிருந்த எனக்கு, உலகம் இதனை முன்னரே அறிந்திருந்தது என்பது பின்னரே தெரியவந்தது. பாராலிம்பிக் போட்டிகளில் முற்றும் பார்வையற்றவர் ஓடும்பொழுது வழிகாட்டி ஒருவர் உடன் ஓடுகின்றார். இருவர் கையையும் ஒரு சிறு கயிறு பிணைக்கின்றது. வழிகாட்டி அவரை இழுத்துச் செல்லலாகாது. எல்லைக்கோட்டையும் அவருக்கு முன்னர்த் தாண்டலாகாது. பதக்கம் கிடைத்தால் வழிகாட்டிக்கும் உண்டு. 2024ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரில், பார்வை மிகக் குறைந்த சிம்ரன் சர்மா என்னும் நம் நாட்டுப் பெண் இருநூறு மீட்டர் ஓட்டத்தில் வெண்கலம் பெற்றது இவ்வாறு வழிகாட்டியோடு ஓடியே. கோல்பால் என்றொரு விளையாட்டும் உண்டு. பக்கத்திற்கு மூவர், அனைவரும் கண்ணைக் கட்டிக்கொண்டு, உள்ளே மணி ஒலிக்கும் பந்தை ஓசையாலறிந்து தடுப்பர். பந்தின் ஓசை கேட்கவேண்டுமாதலின் ஆட்டம் நிகழும்போது பார்ப்போர் அனைவரும் வாய் மூடியிருத்தல் வேண்டும்! கேளாதோர் ஓட்டப் பந்தயங்களில் துப்பாக்கி ஒலிக்கு ஈடாக ஒளி எரிகின்றது. ஒரு கொடியைத் தாழ்த்தினாலும் போதும். இவையெல்லாம் பெருஞ்செலவிற்குரிய காரியங்களா? ஒரு கயிறு, ஒரு மணி, ஒரு கொடி. எங்கள் பள்ளி மைதானத்தில் கொடிகளுக்கு மட்டும் என்றும் குறைவிருந்ததில்லை.

உயரம் தாண்டும் மாரியப்பன் தங்கவேலுவை அறியாத தமிழர் இரார். சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியிற் பிறந்தவர். ஐந்தாம் வயதிற் பள்ளிக்குச் செல்லும் வழியில் பேருந்து ஏறி வலக்கால் முழங்காலுக்குக் கீழே சிதைந்தது. 2016ஆம் ஆண்டு ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் பெற்றார். 2021ஆம் ஆண்டு டோக்கியோவில் வெள்ளியும், 2024ஆம் ஆண்டு பாரிஸில் வெண்கலமும் அவருக்குக் கிடைத்தன. அவரைப்பற்றி எழுதுவோர் பேருந்தையும், காய்கறி விற்று வளர்த்த அன்னையாரையும் விரித்துரைக்கின்றனர். உரைக்கத்தக்கதே. ஆனால் என் மனத்தில் நிற்பவர் அவருடைய பள்ளியின் விளையாட்டாசிரியரே. அச்சிறுவனை மரத்தடியில் அமர்த்தாது தாண்டச் சொன்னவர் அவர். பதினான்கு வயதில் அவர் முதன்முதல் இறங்கிய போட்டியில் உடன் தாண்டியவர்கள் இரு காலும் நன்கமைந்த மாணவர்கள். அதில் அவர் இரண்டாவதாக வந்தார்.

ஆயினும் மாரியப்பனை எடுத்துக்காட்டுவதில் ஓர் இடர் உண்டு. தங்கம் வெல்வானாயின் ஓடட்டும், இல்லையேல் உட்காரட்டும் என்று எண்ணத் தொடங்கிவிடுகின்றோம். ஏனைய மாணவர்களிடம் நாம் அவ்வாறு கேட்பதில்லையே! யான் ஆண்டுதோறும் நீளந் தாண்டுதலிற் கடைசியாக வந்தேன்; எவரும் என்னை மரத்தடிக்கு அனுப்பவில்லை. கடைசியாக வரும் உரிமையை எனக்கு எவரும் தந்ததில்லை. அது பிறவியிலேயே என்னுடையதாக இருந்தது. என் நண்பனுக்கோ டப்பா கிடைத்தது, அவ்வுரிமை கிடைக்கவில்லை.

தமிழ் பயில்வோர் இதுபற்றி நம் முன்னோர் கருத்து யாதென வினவுதல் இயல்பு. அவர் இருவகையாகவும் கூறியுளர். குருடு, ஊமை, செவிடு முதலானவற்றை எண்வகை எச்சமென அடுக்கி, அவற்றாற் பயனில்லை என அறிந்தோர் முன்பே கூறினர் என்கின்றது புறநானூற்றுப் பாட்டொன்று. வகுப்பில் அதனைப் பாடம் கேட்டபோது யான் தலை நிமிரவில்லை. வள்ளுவரோ ஆள்வினையுடைமை அதிகாரத்தில், பொறி இல்லாமை எவர்க்கும் பழியன்று, அறிய வேண்டுவன அறிந்து முயலாமையே பழி என்றார். பொறி என்றதற்குப் பரிமேலழகர் விதியெனப் பொருள் கொண்டார். உறுப்பெனக் கொள்வாரும் உளர். தேர்வில் முன்னையதையே எழுதினேன்; என் உள்ளம் பின்னையதையே பற்றிற்று. தில்லைக் கலம்பகம் பாடிய இரட்டைப் புலவருள் ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் நடக்க இயலாதவர். முன்னவர் தோளிற் பின்னவர் ஏறி வழி சொல்ல, ஒருவர் தொடங்கிய வெண்பாவை மற்றவர் முடித்து ஊர்தோறும் சென்றனர் என்பது வழிவழி வரும் வரலாறு. அவருள் யார் யாருக்கு உதவியவர் என்று என்னால் துணிய இயலவில்லை.

நம் கல்லூரி நிற்கும் இப்பாளையங்கோட்டையிலேயே 1890ஆம் ஆண்டில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர்க்கும், அந்நூற்றாண்டு முடியுமுன்னரே சுவெயின்சன் அம்மையார் செவிகேளாதார்க்கும் பள்ளி கண்டனர். அத்தகைய பள்ளிகளிற் பயில்வோர் தமக்குள் ஓடியாடி மகிழ்கின்றனர். இடர்ப்படுவோர் என் நண்பனைப்போல் பொதுப் பள்ளியிற் சேர்ந்தவரே. வகுப்பறை அவர்களை ஏற்றுக்கொண்டது, மைதானம் ஏற்றுக்கொள்ளவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 21 வகைக் குறைபாடுகளை வகுத்துரைத்ததோடு, கல்வி நிலையங்கள் இம்மாணவர்க்கு விளையாட்டிலும் ஏனையோரோடு ஒத்த வாய்ப்பளித்தல் வேண்டுமென விதித்துளது. ஊனமுற்றோர் என்ற சொல்லை விலக்கி மாற்றுத்திறனாளி என்ற சொல்லை நாமும் ஏற்றுக்கொண்டோம். சொல் மாறிய வேகத்தில் பூவரச மரத்தடி மாறவில்லை.

பத்தாம் வகுப்பில் நாங்கள் துணிந்து விளையாட்டாசிரியரிடம் கயிற்றைக் காட்டிக் கேட்டோம். “விழுந்தால் யார் பொறுப்பு?” என்ற ஒரு வினாவோடு அவ்வாண்டு முடிந்தது. அவ்வினாவை யான் இகழேன். மாணவனுக்கு அடிபட்டால் பழி அவர்மேற்றான் வரும். எனினும், பந்து விளையாடி ஆண்டுதோறும் கையொடித்துக்கொள்வோரைக் குறித்து அவ்வினா எழுந்ததாக எனக்கு நினைவில்லை. பாட்டனார் அவ்வாண்டு மழைக்காலத்திற் காலமானார்.

பதினொன்றாம் வகுப்பில் வேறோர் ஆசிரியர் வந்தார். எங்கள் கயிற்றை வாங்கிப் பார்த்தார். முடிச்சை இழுத்துப் பார்த்தார். இரண்டு வாரம் மைதானத்தில் ஓடிக்காட்டுமாறு கூறினார். இருவர்க்கும் சேர்த்து இரண்டு ஓடுவழிகள் தருவதாகவும் ஒப்புக்கொண்டார். மூன்றாம் நாள் கடிகாரத்தைப் பார்த்தவாறே என்னைத் தனியே அழைத்தார். “தம்பி, அவனைப் பின்னுக்கு இழுப்பது நீதான். வழிகாட்டுபவன் அவனைவிட வேகமாக ஓடுபவனாக இருக்கவேண்டும்” என்றார்.

மெய்யே. மூன்றாண்டிற் கால்கள் நீண்டு அவன் என்னை விஞ்சிவிட்டான். கயிற்றில் அதனை அவன் நெடுநாளாக உணர்ந்திருத்தல் வேண்டும், என்னிடம் சொல்லவில்லை. எம் வகுப்பில் ஓட்டத்திற் சிறந்த மாணவன் ஒருவனை ஆசிரியர் தேர்ந்தார். அவனுக்கும் எனக்கும் அத்துணை நட்பில்லை. என் பாட்டனாரின் கயிற்றை அவன் கையிற் கொடுத்தபோது என் மனம் கொதித்தது. நண்பனுக்கு நல்லது நிகழ்கின்றதே என்று மகிழவேண்டியவன், என்னை விடுத்து நிகழ்கின்றதே என்று இரு நாள் அவனோடு பேசாதிருந்தேன். மூன்றாம் நாள் அவனே வந்து, “முறுக்கிக்கொள்ளாதே, வளைவில் எப்படிக் குரல் கொடுப்பதென்று அவனுக்குச் சொல்லிக்கொடு” என்றான். சொல்லிக்கொடுத்தேன்.

விழா நாளில் இருநூறு மீட்டர் ஓட்டத்திற்கு எழுவர் நின்றனர். யான் எந்த ஓட்டத்திலும் பெயர் கொடுக்கவில்லை. எல்லைக்கோட்டருகே மற்றவர்களின் செருப்புகளோடு அமர்ந்திருந்தேன். சீழ்க்கை ஒலித்தது. கூட்டத்தின் கூச்சலில் வழிகாட்டியின் குரல் அவனுக்குக் கேட்டிராது. கயிறு மட்டுமே பேசியிருக்கும். வளைவில் அவர்கள் சிறிது அகன்று மீண்டும் நேராயினர். ஐந்தாவதாக வந்தான். ஒலிபெருக்கியின் முன் இருந்தவர் சிறப்புப் பரிசைப்பற்றி ஏதோ சொல்லத் தொடங்க, ஆசிரியர் தொலைவிலிருந்தே கையசைத்து நிறுத்தினார். முதல் மூவரின் பெயர்கள் படிக்கப்பட்டன. அடுத்த பந்தயத்திற்கு அழைப்பு வந்தது.

அவன் மூச்சு வாங்கியபடி என் நடையோசை இல்லாமலே என் இருப்பிடம் கண்டு வந்து, காலால் தன் செருப்பைத் துழாவினான். முகம் சிவந்திருந்தது. “பார்த்தியாலே? வளைவிலே இவன் என்னை வெளியே தள்ளிட்டான். இல்லாட்டா நாலாவது வந்திருப்பேன்” என்றான். பின்னால் வந்த வழிகாட்டி அதனைக் கேட்டு, நீதான் கையை முன்கூட்டியே திருப்பினாய் என்று சினந்தான். இருவரும் கயிற்றைக் கழற்ற மறந்தவராய் என்னெதிரே நின்று நெடுநேரம் வழக்காடிக்கொண்டிருந்தனர்.